நூற்றொன்று என்ற ஃபோல்டர்

டிஜிட்டல் போட்டோகிராபி படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அதைப் படிச்சு என்னட்டி செய்யப் போறே?"

அப்பா திருநெல்வேலிப் பக்கம். அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்து வந்து இத்தனை வருடங்களாகியும் பேச்சு மாறவில்லை. அணுபுரம் குடியிருப்பில் எங்கள் பிளாக்கில் மட்டும் ஆறு பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏழாவது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"கல்யாணத்துக்குப் படம் எடுப்பேன்" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"நான் வேலை பாக்குற எடத்துல செல்போனைக்கூட வாசல்லயே வாங்கி வச்சிருவான். எம்மக கேமராவைத் தூக்கிட்டு அலையப் போறா" என்றார் அப்பா. அதுதான் சம்மதம் என்று எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

கல்லூரி கேளம்பாக்கத்தைத் தாண்டி இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் வருடம் எங்களில் பாதிப் பேரிடம் சொந்தமாகக் கேமரா கிடையாது. நான்கு பேருக்கு ஒன்று என்று கல்லூரி கொடுக்கும். ஒருத்தி எடுக்கும்போது மற்ற மூவரும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று குற்றம் சொல்வோம். ஒளியை அளப்பது, நகர்வதை உறைய வைப்பது, முகத்தை மட்டும் துல்லியமாக வைத்துப் பின்னணியைக் கரைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். எடுத்த படத்தைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு தனிப் பாடம் இருந்தது. மெமரி கார்டை அழிப்பதற்கு முன் படங்கள் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும், இருப்பதாக நினைத்தால் போதாது, திறந்து பார்க்க வேண்டும். தேர்வில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

இரண்டாம் வருடக் கடைசியில் மாமல்லபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். உரிமையாளருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரே அவரை அண்ணாத்த என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். கல்யாணத்துக்கு முன் கடற்கரையில் படம் எடுத்துக்கொள்ள ஐ.டி. கம்பெனி ஜோடிகள் விடியற்காலையில் காரில் வந்து இறங்குவார்கள். மணமகளின் துப்பட்டாவைக் காற்றில் தூக்கிப் போட்டுவிட்டு, ஃப்ரேமுக்குள் விழாமல் ஓடி ஒளிவதுதான் முதல் மூன்று மாதம் என் வேலை. பிறகு இரண்டாவது கேமரா என் கைக்கு வந்தது. மூன்றாம் வருடம் தொடங்கியும் சனி, ஞாயிறுகளில் அங்கே போவதை நான் நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாத்தைக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் இருந்தது. திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் ஒரு கிராமத்திலிருந்து அதே நாள் நிச்சயதார்த்தத்துக்கு ஆள் கேட்டு மூன்று நாள் முன்புதான் அழைத்திருந்தார்கள். தை மாதம் வைத்திருந்ததை அவசரமாக முன்னுக்கு இழுத்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"நீ தனியா போய்ட்டு வந்துடு. சின்ன ஃபங்ஷன்தான். பேஜாரே கெடையாது" என்றார் அண்ணாத்த.

தனியாகப் போன முதல் வேலை அது. காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். வாசலில் ஒரு தண்ணீர் லாரியைக் கழுவி, பம்பரில் வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தார்கள். பெண்ணின் அப்பா முன்பு விவசாயம் பார்த்தவர். பிறகு அந்த லாரியை வாங்கி, கேளம்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் ஓட்டினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போட்டிருந்த வெள்ளைச் சட்டை பழைய உடம்புக்குத் தைத்தது. காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

மோதிரம் மாற்றி, தட்டு மாற்றி, எல்லோரும் பந்திக்குப் போன பிறகு அவர் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"பாப்பா, என்ன மட்டும் தனியா ஒண்ணு எடு."

"எடுக்கறேன் அங்கிள்."

"பெருசா போடற மாதிரி எடு. எங்க அண்ணன் போனப்போ செல்போன்ல இருந்தத பெருசு பண்ணானுங்க. மூஞ்சியெல்லாம் ஒடஞ்சி, யாருன்னே தெரியல."

பெண் உள்ளேயிருந்து இதைக் கேட்டுவிட்டாள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். பட்டுப்புடவையோடு வேகமாக வந்து, "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பேசற நைனா" என்று அதட்டிவிட்டு, தன் புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி அவர் காலரைப் பின்பக்கமாக இழுத்துக் குத்தினாள். சட்டை கொஞ்சம் பொருந்திற்று.

பந்தலுக்கு மேல் நீலத் தார்ப்பாய் போட்டிருந்ததால் அங்கே எல்லா முகங்களும் நீலம் பாய்ந்து தெரிந்தன. லாரியின் நிழலில் வெளிச்சம் நன்றாக இருந்தது. அங்கே நாற்காலியைப் போடச் சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது. பின்னால் பச்சை டேங்கர், முன்னால் அவர். கேமராவைப் பார்த்தால் விறைத்துப் போனார். "என்னைப் பார்க்காதீங்க, உங்க பொண்ணைப் பாருங்க" என்றேன். அவள் என் இடது பக்கம் வந்து நின்று ஏதோ முகம் காட்டியிருக்க வேண்டும். அவர் சிரித்துவிட்டார். பதினோரு படங்கள் எடுத்தேன். அதில் மூன்றாவதோ நான்காவதோ, அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று திரையில் பார்த்ததுமே தெரிந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை மூன்று தடவை பார்த்தேன்.

நடந்த தவறு இதுதான். கேமரா தான் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் போடும். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு புதிதாக ஒரு ஃபோல்டரைத் திறந்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அந்தக் கேமராவில் அதுவரை இருந்தது நூறு என்ற ஃபோல்டர். அந்த ஞாயிறு, பெண்ணுக்குப் பூ வைக்கும் நேரத்தில், நான் கவனிக்காமலே அது நூற்றொன்றுக்கு மாறியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கார்டை லேப்டாப்பில் போட்டேன். எப்போதும் பார்க்கிற நூறு என்ற ஃபோல்டரை இழுத்து இரண்டு இடங்களில் வைத்தேன். திறந்தும் பார்த்தேன். கோலம், வாழைமரம், தலை வாரும் பெண். முந்நூறு படங்களுக்கு மேல் இருந்தன. கடைசிவரை போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் எங்கள் வகுப்பை மாமல்லபுரம் கடற்கரைக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். கல்லும் அலையும் தலைப்பு. அண்ணாத்தையின் கேமரா என்னிடமே இருந்தது. கார்டில் இடம் குறைவாகக் காட்டியது. பாறை மேல் நின்றபடி அதை அழித்தேன். 'எல்லாப் படங்களும் அழிந்துவிடும், சரியா' என்று கேமரா கேட்டது. சரி என்று அழுத்தினேன். பிறகு மதியம் வரை அந்தக் கார்டு நிறைய அலைகளை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஸ்டுடியோவில், நான் கொண்டுபோன படங்களை அண்ணாத்த ஆல்பத்துக்காகத் திறந்தார். கீழே உருட்டிக்கொண்டே போனவர் நின்றார்.

"மோதிரம் மாத்தினது எங்க?"

"அதுக்கு அப்புறம் இருக்கும் அண்ணாத்த."

"அப்பறம் ஒண்ணும் இல்லியே. பூ வெக்கறதோட நிக்கிது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கு அந்த நொடியில் தெரிந்தது.

அழிந்த படங்களை மீட்கிற மென்பொருள் கல்லூரி லேபில் இருந்தது. மறுநாள் காலையிலிருந்து மாலை வரை அதன் முன் உட்கார்ந்திருந்தேன். பெரும்பாலான படங்கள் இருந்த இடத்தில் அலைகள் உட்கார்ந்துவிட்டன. முழுதாகக் கிடைத்தவை ஒன்பது. அவற்றில் ஆறு சாப்பாட்டு இலைகள். பெண்ணின் அப்பாவைத் தனியாக எடுத்த பதினொன்றில் ஒன்று மட்டும் வந்தது. திரையில் அது மேலிருந்து கீழாகத் திறந்துகொண்டே வந்தது. பச்சை டேங்கர், அதில் குடிநீர் என்ற எழுத்து, அவருடைய தலைமுடி, நெற்றி. புருவம் தொடங்குகிற இடத்தில் நின்றது. அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம்.

அண்ணாத்த கத்துவார் என்று நினைத்திருந்தேன். அவர் கத்தவில்லை.

"கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். எல்லா ஸ்டுடியோவுலயும் நடக்கறதுதான். நான் பேசிக்கறேன், நீ வாயத் தொறக்காத."

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் காஸ் சிலிண்டரை மூடினோமா என்று மூன்று முறை பார்க்கிறவர் அவர். நடந்ததை எழுதிக் கொடு, ஒப்புக்கொள் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அந்தத் தம்பி சொல்லுத மாதிரியே சொல்லிட்டு விட்டுரு பிள்ளே. ஒன் படிப்பு கெட்டுரும்" என்றார். என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. அன்று முதல்முறையாக அப்பா பயந்து பார்த்தேன்.

வியாழக்கிழமை அண்ணாத்த அந்த வீட்டுக்கு போன் செய்தார். பேசிவிட்டு வந்து, பெண்ணின் அப்பாவைச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். "இப்ப இத சொல்ற நேரமில்ல. அப்பறம் பாத்துக்கலாம்."

நான் அண்ணாத்தையிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். ஏன் போனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்குள் ஓடிய கணக்கு வேறு. படம் கேட்டவர் இன்னும் இருக்கிறார். இருக்கிறவரை இன்னொரு படம் எடுக்கலாம். ஆனால் முதல் படம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தால்தானே இன்னொன்று எடுக்க விடுவார்கள்? ஸ்டுடியோவின் கேமராப் பையையும் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினேன்.

வார்டுக்கு வெளியே படிக்கட்டில் அந்தப் பெண் ஒரு சுடுதண்ணீர் பிளாஸ்கோடு நின்றிருந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு வைத்த மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. நான் சொன்னேன். ஃபோல்டர், எண், கடற்கரை எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு கெட்டுப்போகவில்லை, நான்தான் அழித்தேன் என்றும் சொன்னேன்.

"நைனாவ எடுத்ததும் போச்சா?"

"ஆமாக்கா."

"எதுக்கு வந்து இத என்னாண்ட சொல்ற? கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா, சரி, நம்ம நேரம்னு போயிருப்பேன். இப்ப ஒன் மூஞ்சி ஞாபகம் இருந்துகினே இருக்குமே."



அவள் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். "மறுபடி எடுக்கலாம்னு வந்தியா? வா, வந்து பாரு."

உள்ளே கூட்டிப் போனாள். அவள் அப்பாவின் மூக்கில் குழாய் இருந்தது. நான்கே நாளில் கன்னம் உள்ளே போயிருந்தது. "இத்தயா எடுக்கப் போற?" என்று அவள் என் காதருகே கேட்டாள். பையின் ஜிப்பில் இருந்த கையை எடுத்துவிட்டேன்.

அவர் கண் திறந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"படம் எப்டி வந்துகீது பாப்பா?"

நான் உண்மையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். ஆனால் அவள்தான் முந்திக்கொண்டாள்.

"சூப்பரா வந்துகீது நைனா. லாரி கூட பளிச்சுன்னு கீது. பிரேம் போடக் குடுத்துகீறாங்க."

"பெருசா?"

"பெருசாத்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுது முடித்ததும் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "கெளம்பு" என்றாள்.

போவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டேன். அன்று வந்திருந்த எல்லோருடைய போனிலும் ஏதாவது இருக்கும், அவற்றைச் சேர்க்க விடுவீர்களா என்று. அன்று மாலை அவளிடமிருந்து இருபத்தேழு தொலைபேசி எண்கள் வந்தன. எண்கள் மட்டும். வேறு ஒரு சொல்லும் இல்லை.

ஒவ்வொருவராக அழைத்தேன். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பதால், கல்லூரி முடிந்ததும் வீடு வீடாகப் போய் அவர்கள் போனிலிருந்தே நகல் எடுத்தேன். சிலர் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு அழித்திருந்தார்கள். சிலர் நான் யார் என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிடவில்லை. கிடைத்த படங்களில் விரல் விழுந்திருந்தது, தலை வெட்டுப்பட்டிருந்தது. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. முக்கியமான நேரங்களில் எல்லாம் குறுக்கே ஒரு முதுகு. மோதிரம் மாற்றும்போது, தட்டு மாற்றும்போது, காலில் விழும்போது, கேமராவைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நான் நின்றிருந்தேன். அவர்கள் எடுத்திருக்கக்கூடிய படங்களையும் நானே மறைத்திருந்தேன்.

அவர் அடுத்த புதன்கிழமை இறந்துபோனார். போய் வந்தேன், வாசலோடு. தெருமுனையில் வைத்த பேனரில் டிரைவிங் லைசென்ஸில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள்.

பட்டியலில் கடைசி எண் அவருடைய தங்கையுடையது. பக்கத்து ஊரில், ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவர். காரியத்துக்கு ஆறு நாள் முன்பு அவர் வீட்டுக்குப் போனேன்.

"என் போன்ல ஒண்ணும் சரியா விழல கண்ணு. போட்டோன்னு நெனச்சி அமுக்கனேன், அது வீடியோவா ஓடிகினு கீது" என்று எடுத்துக் காட்டினார்.

ஒன்பது விநாடி. முதல் மூன்று விநாடி தரையும் செருப்புகளும். பிறகு போன் நிமிர்கிறது. பச்சை டேங்கர். நாற்காலியில் அவர். நான் குனிந்து நிற்கிறேன், இந்த முறை ஓரமாக, என் முழங்கை மட்டும் தெரிகிறது. "உங்க பொண்ணைப் பாருங்க" என்று என் குரல் கேட்கிறது. அவர் திரும்பிச் சிரிக்கிறார். அந்த அம்மா தன் அண்ணன் சிரிப்பதைப் பார்த்துவிட்டுப் போனை என் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அந்தத் தெரு முழுவதும் கேட்கும்படி அழுதேன் என்று பிறகு அவர்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

வீடியோவிலிருந்து ஒரே ஒரு சட்டகத்தைப் பிரித்தெடுத்தேன். லேபில் மூன்று நாள் வேலை. எவ்வளவு செய்தாலும் நோட்டுப் புத்தக அளவுக்கு மேல் அது தாங்கவில்லை. அந்த அளவிலேயே அச்சிட்டுச் சட்டம் போட்டேன். மற்ற போன் படங்களையும், கார்டில் மிஞ்சியவற்றையும் சேர்த்து ஓர் ஆல்பம் செய்தேன். காரியத்துக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் வாசலிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பிறகு சட்டம் போட்ட படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் பெருசா வராதா?"

"பெருசு பண்ணா முகம் உடைஞ்சிடும்க்கா."

அவள் அப்பா தன் அண்ணனின் படத்தைப் பற்றிச் சொன்னது எங்கள் இருவருக்குமே நினைவு வந்திருக்கும்.

"சரி, இது இருக்கட்டும்" என்றாள். எழுந்து உள்ளே போகும்போது திரும்பி, "கல்யாணத்துக்கு வேற ஆளு பாத்துக்கறோம். நீ தப்பா எடுத்துக்காத" என்றாள்.

"இல்லக்கா" என்றேன்.

மன்னிப்பு என்று எதையும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் அப்பாவிடம் அன்று சொன்ன பொய்யைப் பற்றியும் நாங்கள் பேசியதில்லை. அதை அவள் சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் நான் என்பது மட்டும் என்னோடு இருக்கிறது.

சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனதில் அண்ணாத்தைக்குக் கோபம். அதற்குப் பிறகு ஸ்டுடியோவுக்கு வா என்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. கல்லூரி இறுதித் தேர்வுக்கான படத்தொகுப்பில் கடற்கரைப் படங்களை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் லாரி ஓட்டுநர்களின் உருவப்படங்களை வைத்தேன். கேளம்பாக்கத்தில் லாரிகள் வரிசையாகத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் இரண்டு மாதம் மாலை வேளைகளில் நின்று எடுத்தவை. எடுத்த ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு பிரதி அச்சிட்டுக் கையில் கொடுத்தேன். தேர்ச்சி பெற்றேன், முதலிடம் எல்லாம் இல்லை.

ரிசல்ட் வந்த வாரம் அண்ணாத்த போன் செய்தார். திருப்போரூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு ஃபங்ஷன் கீது. ஒண்ணு நீ பாத்துக்கறியா?"

"தனியாவா அண்ணாத்த?"

"தனியாத்தான். வேற யார் கீறாங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பஸ் வந்தது. கூட்டத்தில் ஏறி, ஜன்னலோர இடம் கிடைத்து உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து போன பிறகு அவரைத் திரும்ப அழைத்து, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.